200 டாலருக்குள் ஒரு .22 ரைஃபிளைச் செம்மைப்படுத்துவது எப்படி? ரூகர் 10/22-க்கான வழிகாட்டி

அமெரிக்காவில் .22 ரைஃபிள் (0.22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டா சுடுவது) வாங்குகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது ரூகர் 10/22-இல்தான். 1964-இல் வந்த வடிவம். அரைத் தானியங்கி, பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின், பதினெட்டரை அங்குல பேரல் (குழல்). இத்தனை ஆண்டுகளாக அடிப்படை மாறாததால் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் ஏராளம். அதுவே ஆபத்தும்கூட. புது பேரல், புது ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை), புது ஸ்கோப் என்று துப்பாக்கியின் விலையைப்போல மூன்று மடங்கு செலவழித்த பிறகும் இலக்குத் தாளில் துளைகள் முன்புபோலவே சிதறிக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. காரணம், பணம் தவறான வரிசையில் போனது.

இங்கே சொல்லப்போவது அந்த வரிசையைத்தான். முதலில் தோட்டா, அடுத்து திருகுகளும் ஸ்டாக்கும், பிறகு ட்ரிகர் (விசை), பிறகு குறிபார்க்கும் கருவியும் ஸ்லிங்கும் (தோள் பட்டி). பேரல் கடைசி, அநேகமாகத் தேவையே படாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தாளில் சுட்டு அளக்க வேண்டும். அளக்காமல் செய்த மாற்றம் அலங்காரம்தான்.

ஆரம்பிக்கும் முன் சட்டத்தைப் பற்றி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தொடர் எண் பொறித்த ரிசீவர் (மற்ற பாகங்கள் பொருந்தும் நடு உடல்) மட்டும்தான் துப்பாக்கி. பேரல், ஸ்டாக், ட்ரிகர் எல்லாம் வெறும் பாகங்கள், தபாலில் வாங்கலாம். ஆனால் ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் கீழேயோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழேயோ போனால் தனிப் பதிவு வேண்டும். அது இல்லாமல் வைத்திருப்பது கடுமையான குற்றம். பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசினுக்குக் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் தடை உண்டு. உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிலைமையே வேறு. .22-க்கும் உரிமம் வேண்டும், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்களின் வேலை. ஊரில் இருக்கும் உறவினர் துப்பாக்கியில் இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம்.

முதல் செலவு: தோட்டா

.22 தோட்டாவுக்கும் பேரலுக்கும் உள்ள உறவு ஜாதகப் பொருத்தம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் 10/22-இல் ஒரே துளையில் போகும் தோட்டா உங்களுடையதில் இரண்டு அங்குலத்துக்குச் சிதறலாம். ஒரே வரிசையில் தயாரான இரண்டு துப்பாக்கிகளிலும் இதைக் காணலாம். எனவே எந்தப் பாகத்தையும் தொடும் முன் ஆறேழு வகைத் தோட்டா ஐம்பது ஐம்பதாக வாங்குங்கள். அதில் சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, சி.சி.ஐ. மினி-மேக், ஃபெடரல் ஆட்டோமேட்ச், எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஏதாவது ஒரு எலே, ஏதாவது ஒரு அகீலா இருக்கட்டும். 50 முதல் 70 டாலருக்குள் முடியும். மொத்தப் பட்ஜெட்டில் பயனுள்ள செலவு இதுதான்.

ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 1,070 அடி. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் 1,125 அடி. இந்தத் தோட்டா முழுப் பயணத்திலும் ஒலிக்குக் கீழேயே இருக்கும். 1,235 அடியில் கிளம்பும் மினி-மேக் போகிற வழியில் ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கீழிறங்க வேண்டும். அந்த இடத்தில் தோட்டா கொஞ்சம் தள்ளாடும். நூறு கெஜத்தில் இது தெளிவாகத் தெரியும், ஐம்பதில் குறைவு. துல்லியம் தேடுகிறவர்கள் மெதுவான தோட்டாவைத் தேர்வது இதனால்தான். மெதுவான தோட்டாவில் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நின்று, சுட்டதும் பின்னால் ஓடும் எஃகுத் துண்டு) தள்ளும் சக்தியும் குறைவு என்பதால், அழுக்கடைந்த துப்பாக்கியில் வெற்றுக்கூடு சரியாக வெளியே விழாமல் சிக்கும். சுத்தமாக இருக்கும்போது பெரும்பாலான 10/22 இதைத் தாராளமாக இயக்கும்.

சோதிக்கும் முறை: மேசையில் முன்னும் பின்னும் மணல் பை. 50 கெஜத்தில் இலக்கு. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து தோட்டாவை மண்ணுக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தோட்டாமேல் பூசும் மெழுகு வேறு. பழைய மெழுகு பேரலுக்குள் இருக்கும்வரை புதுத் தோட்டாவின் உண்மைக் குணம் தெரியாது. பிறகு ஐந்து ஐந்து தோட்டாவாக ஐந்து குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைக் கூட்டம்). ஒவ்வொன்றிலும் அதிகபட்சத் தூரத்தில் உள்ள இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து சராசரி எடுங்கள். ஒரு குரூப் நன்றாக வந்தது என்று மயங்காதீர்கள். ஐந்து குண்டு தற்செயலாக ஒன்றாக விழ அடிக்கடி வாய்ப்புண்டு.

காலையில், காற்று அடங்கியிருக்கும்போது சுடுங்கள். மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று, மெதுவான தோட்டாவை 50 கெஜத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும். தோட்டாவின் குறை என்று நினைத்தது காற்றின் குறையாக இருக்கும்.

கையில் எதையும் மாற்றாத 10/22, அதற்குப் பிடித்த தோட்டாவோடு 50 கெஜத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டி நின்றால் நல்ல துப்பாக்கி. மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாவில் அதே துப்பாக்கி ஒன்றரை, இரண்டு அங்குலம் காட்டுவதும் சகஜம். வித்தியாசத்தைப் பாருங்கள்: பேரல் மாற்றி எதிர்பார்க்கும் முன்னேற்றத்தில் பாதி தோட்டாப் பெட்டியிலேயே கிடைத்துவிட்டது.

பிரிப்பது

மேகசினை எடுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து சேம்பர் வாயை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) விரலால் தடவிப் பாருங்கள், கண் ஏமாற்றும். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது.

10/22-ஐ முதன்முறை பிரிப்பவர்களைத் தடுமாற வைப்பது சேஃப்டி பொத்தான். ட்ரிகருக்கு முன்னால் குறுக்காக ஓடும் பொத்தான் அது. ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் துருத்தி நிற்கும், மறுபக்கம் தள்ளினால் மறுபக்கம். துருத்திய பொத்தான் ஸ்டாக்கின் மரத்தில் மாட்டிக்கொண்டு ரிசீவரை மேலே வர விடாது. வழி இதுதான்: போல்ட்டை ஒருமுறை இழுத்து விட்டு ஹேமரை (ட்ரிகரை இழுத்ததும் அடிக்கும் சுத்தி) ஏற்றுங்கள். ஏறியிருந்தால்தான் சேஃப்டி அசையும். பிறகு பொத்தானை இரண்டு பக்கத்துக்கும் நடுவில், எந்தப் பக்கமும் துருத்தாதபடி நிறுத்துங்கள். பலத்தைக் கூட்டி நெம்பினால் ஸ்டாக்கின் உள்விளிம்பு பிளந்துபோகும். பழைய மர ஸ்டாக் பலவற்றில் அந்தப் பிளவைப் பார்க்கலாம்.

முன்னால் பேரல் பட்டையின் திருகைத் தளர்த்தி, பட்டையை முன்பக்கமாக உருவுங்கள். பிறகு மேகசின் குழிக்கு முன்னால் அடியில் இருக்கும் ஒற்றைத் திருகு. அதன் தலையிலுள்ள பிளவில் அச்சாகப் பொருந்தும் தட்டை முனை திருப்புளி வேண்டும். சின்னதைப் போட்டால் பிளவு நசுங்கும். திருகு வந்ததும் பேரலின் முன்முனையைப் பிடித்து மேலே தூக்கினால் மொத்தமும் வரும். ஒரு துணி விரித்து அதன்மேல் செய்யுங்கள். ட்ரிகர் தொகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு குறுக்குப் பின்களும் (ஊசிக் கம்பிகள்), ரிசீவரின் பின்பக்கத்திலிருக்கும் போல்ட் நிறுத்தும் பின்னும் தளர்வானவை. தலைகீழாகத் திருப்பினால் தாமாகவே விழுந்து உருளும்.

ஸ்டாக்கும் திருகுகளும்: செலவில்லாத திருத்தங்கள்

10/22-இன் பேரல், மற்ற ரைஃபிள்களைப்போல ரிசீவருக்குள் மரையிட்டு ஏறுவதில்லை. பேரலின் பின்முனை ரிசீவரில் வெறுமனே நுழைகிறது. அடியில் ஆங்கில V வடிவக் கட்டை ஒன்றும் இரண்டு ஆலன் திருகுகளும் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. 5/32 அங்குல ஆலன் கீ போதும். இந்த எளிமைதான் வீட்டிலேயே பேரல் மாற்ற வழி தருகிறது, இதே எளிமைதான் பல தொல்லைகளுக்கும் மூலம். திருகு தளர்ந்திருந்தால் குரூப் விரியும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரல் கீழ்நோக்கிச் சாயும், அலுமினிய ரிசீவரின் மரையும் போய்விடும். இரண்டையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக, சமமாக இறுக்குங்கள். கையில் டார்க் டிரைவர் (இறுக்கத்தை இன்ச்-பவுண்டில் அளந்து முறுக்கும் திருப்புளி) இருந்தால் சுமார் 10 இன்ச்-பவுண்டு போதும். இல்லையென்றால் ஆலன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து, அது நிற்கும்வரை. நெட்டைக் கையைப் பிடித்து முறுக்க வேண்டாம்.

பேரல் ரிசீவருக்குள் ஆடுகிறதா என்று பார்க்க, V கட்டையைக் கழற்றிவிட்டுப் பேரல் முனையை மேலும் கீழும் அசையுங்கள். லேசான ஆட்டம் சகஜம். தெரிகிற அளவுக்கு ஆடினால், குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றைப் பேரலின் நுழையும் பகுதிக்கு அடியில் வைத்து மறுபடி பூட்டலாம். பட்டை சேம்பர் வாய்க்கோ போல்ட் முகத்துக்கோ நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நீட்டினால் தோட்டா ஏறாது.

அடுத்து அந்த ஒற்றைத் திருகு. ரிசீவர் முழுவதும் ஸ்டாக்கோடு பிணைந்திருப்பது இதில்தான். தொடக்கமாக 15 இன்ச்-பவுண்டில் ஐந்து ஐந்தாக மூன்று குரூப், பிறகு 18, பிறகு 20. பெரும்பாலான துப்பாக்கிகளில் ஏதோ ஓர் இறுக்கத்தில் குரூப் குறுகும். அதைக் குறித்துவையுங்கள். இனி எப்போது பிரித்து மாட்டினாலும் அதே எண்தான்.

முன்பட்டை பற்றிப் பல கருத்து உண்டு. அது பேரலை இறுக்கிப் பிடிக்கிறது. சில துப்பாக்கிகளுக்கு அந்தப் பிடி ஒத்துவரும், சிலவற்றுக்குக் குரூப்பைக் கெடுக்கும். பட்டையோடு மூன்று குரூப், இல்லாமல் மூன்று குரூப். இரண்டு நிமிட வேலை, காசு இல்லை. பட்டையை எடுத்த பிறகு மரத்துக்கும் பேரலுக்கும் இடையில் ஒரு டாலர் நோட்டு தடையில்லாமல் நழுவிப் போகிறதா என்று பாருங்கள். எங்காவது தொட்டால் அந்த இடத்தை மட்டும் வட்டக் கம்பியில் சுற்றிய உப்புத்தாளால் தேயுங்கள். இதற்கு நேரெதிராகவும் சோதிக்கலாம்: ஸ்டாக்கின் முன்முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, விசிட்டிங் கார்டு இரண்டை மடித்துப் பேரலுக்கு அடியில் திணியுங்கள். பேரலுக்கு ஒரு சிறு மேல்நோக்கிய அழுத்தம் கிடைக்கும். 10/22-இன் மெல்லிய பேரலுக்கு இந்த அழுத்தம் பிடிப்பதுண்டு. தாள் சொல்வதைக் கேளுங்கள்.

ரிசீவரின் பின்பக்கம் ஸ்டாக்குக்குள் ஆடுகிறதா? ஒற்றைத் திருகு முன்னால் இருப்பதால் பின்முனை சுதந்திரமாக ஏறி இறங்கும். பின்முனை உட்காரும் இடத்தில் எலக்ட்ரிக் டேப் ஓர் அடுக்கு, போதாவிட்டால் இரண்டு. இன்னும் முறையாக வேண்டுமென்றால் எபாக்சி போட்டு அச்செடுக்கலாம். ஜே.பி.வெல்டும் மரீன்-டெக்ஸும் இதற்கு ஒத்துவரும். ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள்: ரிசீவரின் முன்பகுதியும் பேரலின் முதல் ஓர் அங்குலமும். உலோகத்தில் எபாக்சி ஒட்டாதிருக்க ஷூவுக்குப் போடும் மெழுகை இரண்டு பூச்சு பூசித் துடையுங்கள். எல்லாத் துளைகளிலும், பின் ஓட்டைகளிலும், V கட்டையின் இடுக்குகளிலும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அடைத்துவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் ரிசீவரும் ஸ்டாக்கும் ஒரே துண்டாகிவிடும், பிறகு ரம்பம்தான் பிரிக்கும். ட்ரிகர் தொகுதியையும் போல்ட்டையும் வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். திருகை லேசாக மட்டும் பிடித்து 24 மணி நேரம் விடுங்கள். முழுதாக இறுக்கி வைத்தால் ஸ்டாக் வளைந்த நிலையிலேயே அச்சு உறைந்துவிடும்.

ட்ரிகர்

தொழிற்சாலை ட்ரிகர் பெரும்பாலும் ஆறு பவுண்டை ஒட்டி இழுக்கும். துப்பாக்கியின் எடையே ஐந்து பவுண்டுக்குப் பக்கம்தான். துப்பாக்கியைவிடக் கனமான விசையை இழுக்கும்போது குறி அசையாமல் இருப்பது கஷ்டம். இங்கே செலவழிக்கும் பணம் நேரடியாகத் தாளில் தெரியும்.

இரண்டு வழி. ஒன்று, ரூகரே விற்கும் பி.எக்ஸ். ட்ரிகர். மொத்தத் தொகுதியையும் மாற்றிவிடலாம், இழுவை இரண்டரையிலிருந்து மூன்று பவுண்டு. இரண்டு பின்னை எடுத்து, புதுத் தொகுதியை மாட்டி, அதே பின்களைப் போட்டால் முடிந்தது. விலை 80, 90 டாலரை ஒட்டி. இன்னொன்று, வோல்க்வார்ட்சன் டார்கெட் ஹேமரை மட்டும் வாங்கி மாட்டுவது. சுமார் பாதி விலை, இழுவை ஏறக்குறைய அதே இரண்டரை பவுண்டுக்கு வரும். கைவேலை தெரிந்தவர்களுக்கு இரண்டாவது நல்லது. சின்ன ஸ்ப்ரிங்குகளைக் கண்டால் கை நடுங்குபவர்கள் முதலாவதை வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

பழைய ஹேமரையும் சியரையும் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) கல்லில் தேய்த்து இழுவையைக் குறைக்கும் வழியை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். ஒன்றோடொன்று பூட்டும் அந்த இரண்டு விளிம்புகளின் கோணம் மயிரிழை மாறினாலும் ஹேமர் தானாக வழுக்கி விழும். துப்பாக்கியைக் கீழே வைத்த அதிர்ச்சியிலேயே வெடிக்கும். மேல்தோலில் மட்டும் கடினமாக்கிய உலோகமாக இருந்தால், தேய்த்த இடம் சில நூறு தோட்டாவில் மழுங்கியும் போகும்.

ஹேமர் மாற்றும் வேலையை ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். துள்ளும் ஸ்ப்ரிங் பையிலேயே நிற்கும். ஒவ்வொரு படிக்கும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் தொகுதி வெளியே வந்ததும் ஹேமர் ஏறியே இருக்கும். சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ளி, கட்டை விரலால் ஹேமரைத் தாங்கிப் பிடித்தபடி ட்ரிகரை இழுத்து மெதுவாக இறக்குங்கள். தாங்காமல் விட்டால் ஹேமர் தொகுதியின் முன்சுவரில் மோதும். பிளாஸ்டிக் தொகுதியில் அந்த அடி நல்லதல்ல. எஜெக்டரையும் (வெற்றுக்கூட்டை வெளியே தட்டும் துண்டு), ஹேமர் ஸ்ப்ரிங்கை அதன் தண்டோடும் எடுங்கள். ஹேமரின் பின்னைப் பக்கவாட்டில் தள்ளினால் ஹேமரும் அதன் இருபக்கமும் உள்ள இரண்டு சிறு புஷ்களும் (வளையங்கள்) வரும். புது ஹேமரில் புஷ்களைப் போட்டு, எடுத்த வழியே திரும்புங்கள். புது ஹேமரோடு ஸ்ப்ரிங் வந்தால் அதையே போடுங்கள், பழையதோடு கலக்காதீர்கள்.

தொகுதி பிரிந்து கிடக்கும் இந்தச் சமயத்தில்தான் போல்ட்டைப் பின்னால் பூட்டி நிறுத்தும் தகட்டையும் மாற்ற வேண்டும். ஹேமர் பின்னைச் சுற்றி உட்காரும் அந்தத் தகட்டில் ஒரு துளை இருக்கும், அதன் வடிவம் முழு வட்டமல்ல, உள்ளே ஒரு மேடு தள்ளி நிற்கும். பூட்டிய போல்ட்டை விடுவிக்க ஒரு கையால் போல்ட்டை இழுத்துக்கொண்டு இன்னொரு கையால் கீழே நெம்புகோலை அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான். மாற்றிய தகட்டில் போல்ட்டை இழுத்து விட்டாலே முன்னால் போகும். 10, 15 டாலருக்குக் கிடைக்கிறது. பழைய தகட்டையே அரத்தால் தேய்த்துச் செய்கிறார்கள். ஆனால் கொஞ்சம் கூடுதலாகப் போனால் போல்ட் பூட்டவே மாட்டாது. இவ்வளவு மலிவான பாகத்துக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

மேகசின் விடுவிக்கும் நீண்ட நெம்புகோல் இப்போது வரும் புதுத் துப்பாக்கிகளில் தொழிற்சாலையிலிருந்தே உண்டு. பழையதில் ஒரு சிறு பொத்தான்தான், கையுறையோடு அழுத்துவது சிரமம். மாற்றும்போது முன்னால் உள்ள பிளஞ்சரும் (ஸ்ப்ரிங் தள்ளும் சிறு கம்பி) ஸ்ப்ரிங்கும் துப்பாக்கித் தோட்டாபோலப் பாயும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

மாட்டி முடித்த பிறகு தோட்டா இல்லாமல் நான்கு சோதனை, ஒன்றையும் விடாமல். ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தமாக இழுங்கள்: எதுவும் விழக் கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு, தொடாமல் சேஃப்டியை எடுங்கள்: அப்போதும் விழக் கூடாது. ஏற்றிய நிலையில் அடிக்கட்டையில் ரப்பர் சுத்தியலால் சில தட்டு: விழக் கூடாது. கடைசியாக, ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடியே போல்ட்டை இழுத்து விடுங்கள், ஹேமர் ஏறியே நிற்க வேண்டும். ட்ரிகரை மெல்ல விடும்போது 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும், மறுபடி இழுத்தால்தான் விழ வேண்டும்.

களத்தில் முதல் நாள் மேகசினில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஓர் இழுப்பில் இரண்டு வெடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஆபத்து மட்டுமல்ல, ஓர் இழுப்பில் ஒன்றுக்கு மேல் வெடிக்கும் துப்பாக்கி அமெரிக்கச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி. பழைய பாகங்களைத் திரும்பப் போட்டு, துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டும்வரை தொட வேண்டாம்.

சத்தம், சிக்கல், சுத்தம்

ஒவ்வொரு முறையும் போல்ட் பின்னால் போய் எஃகுப் பின்னில் மோதும் 'டணார்' சத்தத்தை, அந்தப் பின்னுக்குப் பதில் போடும் பத்து டாலர் பாலிமர் பஃபர் அடக்கும். ரிசீவரின் அலுமினியத்துக்கும் அது நல்லது. துல்லியம் கூடும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள், ஆனால் கூடுவதில்லை. எண்ணெயில் ஊறி வீங்கினால் மாற்றிவிடுங்கள்.

வெற்றுக்கூடு போல்ட்டுக்கும் ரிசீவர் வாய்க்கும் நடுவில் நெட்டுக்குத்தாக மாட்டி நின்றால் இரண்டு காரணத்தை முதலில் பாருங்கள். சேம்பரில் மெழுகும் கரியும் படிந்திருக்கலாம், சேம்பர் பிரஷ்ஷை நாலு சுற்று சுற்றினால் போகும். அடுத்தது எக்ஸ்ட்ராக்டரின் (வெற்றுக்கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் பாகம்) கொக்கி மழுங்கியிருப்பது. கழன்ற கூட்டின் விளிம்பைப் பாருங்கள்: கொக்கி பிடித்த தடம் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் கொக்கிதான் குற்றவாளி. கூர்மையான எஃகு எக்ஸ்ட்ராக்டர் 12, 15 டாலர். சின்னத் திருப்புளியால் பிளஞ்சரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு கொக்கியை உருவி, புதியதைச் செருகினால் ஆயிற்று.

வழக்கமான 10/22-இன் ரிசீவருக்கு முழுப் பின்சுவர் உண்டு, எனவே சுத்தக் கம்பியைப் பின்னாலிருந்து விட வழியில்லை. முன்முனையிலிருந்து கம்பியை விடுபவர்கள் பேரல் வாயைத் தேய்த்துக் கெடுக்கிறார்கள். தோட்டா கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய். அங்கே ஒருபக்கம் தேய்ந்தால் குரூப் போச்சு, எந்தப் பாகம் போட்டும் திரும்பாது. பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் கயிற்றுப் பிரஷ் ஒன்று 15, 20 டாலருக்கு வாங்குங்கள். அதையும் அளவோடு பயன்படுத்துங்கள். நன்றாகச் சுடும் .22 பேரலை ஒவ்வொரு முறையும் பளபளவென்று துடைப்பது வீண், மெழுகு மறுபடி படிய வேண்டும். சேம்பரும் போல்ட் முகமும்தான் ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டியவை. எண்ணெய் ஒரு துளி. நிறையப் போட்டால் கரியோடு குழைந்து பிசினாகும்.

குறி, ஸ்லிங்

மடக்கும் பின் சைட்டும் முன்னால் தங்க மணியும்தான் தொழிற்சாலைக் குறி. முயல் வேட்டைக்குப் போதும், தாளில் துல்லியத்துக்குப் போதாது. மலிவும் நம்பகமும் சேர்ந்தது டெக்-சைட்ஸ் துளைக்குறி. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு கம்பம். கண் தானாகவே துளையின் நடுவைத் தேடும். ஸ்கோப் வேண்டுமென்றால் .22-க்கென்று செய்த 3-9 மடங்கு ஸ்கோப் வாங்குங்கள், அதன் பாரலாக்ஸ் (கண் அசைந்தாலும் குறி நகராத தூரம்) 50 கெஜத்துக்கு அமைத்திருக்கும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 அல்லது 150 கெஜத்துக்கு. அவற்றில் கண்ணை லேசாக அசைத்தாலே 25 கெஜத்து இலக்கில் குறுக்குக்கோடு நகரும். கன்னம் ஸ்கோப் உயரத்துக்கு எட்டாவிட்டால் ஸ்டாக்கின்மேல் நுரை ரப்பர் துண்டை வைத்து, குதிரைக் காலுக்குச் சுற்றும் ஒட்டுத்துணியால் கட்டுங்கள். ஐந்து டாலர், அழகில்லை, ஆனால் கன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்.

ஸ்கோப் உட்காரும் அடித்தளத் தண்டவாளத்தின் திருகுகள் அலுமினியத்தில் ஏறுபவை. எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, 15 இன்ச்-பவுண்டு. சிவப்பு லாக்டைட் வேண்டாம். ஸ்கோப் திடீரெனக் குறி மாறுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை இந்தத் திருகில்தான் விஷயம்.

ஸ்லிங் வாங்கும்போது ஒன்றேகால் அங்குலப் பருத்திப் பட்டி, எம்.1 ரைஃபிளுக்கு ராணுவம் பயன்படுத்திய வகை. கையை வளையத்துக்குள் விட்டு இறுக்கினால் மணல் பை இல்லாமலே ரைஃபிள் கல்போல நிற்கும். பிராஜெக்ட் ஆப்பிள்சீட் என்ற துப்பாக்கிப் பயிற்சி அமைப்பில் 10/22, துளைக்குறி, இந்த ஸ்லிங், மாற்றிய போல்ட் தகடு, நீண்ட மேகசின் நெம்புகோல் என்ற கூட்டணியைத்தான் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே எதிர்பார்க்கும் துல்லியம் 4 எம்.ஓ.ஏ. (சிதறலைச் சொல்லும் கோண அளவு), அதாவது 25 கெஜத்தில் ஓர் அங்குலம். 250-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்பட்டை பேரலைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்லிங்கின் இழுவை பேரலை வளைக்கும், மணல் பையில் வைத்த ஸீரோ (குண்டு விழும் இடத்தோடு குறியைப் பொருத்தியது) ஸ்லிங்கில் மாறிவிடும். எப்படிச் சுடப்போகிறீர்களோ அப்படியே ஸீரோ வையுங்கள்.

கணக்கும் பேரலும்

தோட்டாச் சோதனை 60, டார்கெட் ஹேமர் 40, போல்ட் தகடு 12, எக்ஸ்ட்ராக்டர் 14, கயிற்றுப் பிரஷ் 18, ஸ்லிங் 18, எபாக்சியும் டேப்பும் 12. ஏறக்குறைய 175. மீதியில் இன்னும் இரண்டு மூன்று பெட்டி நல்ல தோட்டா. குறியை மாற்றினால் மட்டும் பட்ஜெட் தாண்டும். அப்போது இருக்கும் குறியோடு ஒரு பருவம் சுட்டுவிட்டு வாங்குவதே மேல்.

இத்தனைக்குப் பிறகும் பிடித்த தோட்டாவில் 50 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையவில்லை என்றால்தான் பேரலைச் சந்தேகப்படுங்கள். கனமான .920 அங்குல பேரல் பழைய ஸ்டாக்கின் வாய்க்காலில் உட்காராது. ஸ்டாக்கும் வாங்க வேண்டும், அல்லது வாய்க்காலைக் குடைய வேண்டும். இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். சேம்பர் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். அரைத் தானியங்கிக்குப் பென்ட்ஸ் என்ற வகைச் சேம்பர் ஏற்றது, நெருக்கமாகவும் இருக்கும், வெற்றுக்கூடும் சிக்காமல் வெளியே வரும். அந்த நெருக்கமான சேம்பரில் சி.சி.ஐ. ஸ்டிங்கர் தோட்டா போடவே கூடாது. அதன் கூடு சாதாரண .22-ஐவிட நீளம், வாய் சேம்பரின் முடிவில் முட்டி அழுத்தம் எகிறும். மாட்டிய பிறகு V திருகுகளை முன்பு சொன்னபடியே மாறி மாறி இறுக்கி, ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புது இடத்தில் உலோகம் உட்கார்ந்து, திருகு கால் சுற்று தளர்ந்திருக்கும்.